ஆஃப்ரோடு டிரெயில் மேப்ல கலரும் குறியும் என்ன சொல்லுது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொலராடோ, யூட்டா பக்கம் ஜீப் எடுத்துக்கிட்டு மலை ஏறற நம்ம ஆளுங்க இப்ப நிறைய பேர் ஆயிட்டாங்க, ரொம்ப சந்தோஷம். நான் டென்வர்ல இருக்கேன், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனா போதும் போனுக்கு ஸ்கிரீன்ஷாட் வர ஆரம்பிச்சிடும், "அண்ணா இந்த பச்சைக் கோட்டுல போலாமா", "இந்த மஞ்சள் ஏரியால டென்ட் போட்டா யாராவது கேப்பாங்களா"ன்னு. கேள்வி எல்லாம் பெரும்பாலும் ஒண்ணேதான், அதனால மொத்தமா ஒரே இடத்துல எழுதிடறேன். இது அமெரிக்க மேற்கு மாநிலங்கள்ல கிடைக்கற மேப்புக்கு மட்டும், வேற நாட்டு மேப்புக்கு அப்படியே எடுத்துக்காதீங்க.

பச்சைக் கலர்னா ஈசி டிரெயில் தானே?

இந்தக் கேள்வியை முதல்ல வெச்சதுக்குக் காரணம் இருக்கு, நானே இதுல மாட்டியிருக்கேன். ஆரம்பத்துல ஒரு ஆப்ல பச்சைக் கோடு பார்த்துட்டு "பச்சை, ஈசி"ன்னு நெனச்சு மனைவியையும் ரெண்டு வயசு பொண்ணையும் கூட்டிக்கிட்டு கிளம்பிட்டேன், பாதி வழியில முட்டி உயரக் கல்லு படிக்கட்டு மாதிரி நிக்குது, ஒரு பக்கம் பாறை இன்னொரு பக்கம் பள்ளம், திரும்பறதுக்கு இடமில்லாம முக்கால் மைல் ரிவர்ஸ்லயே வந்தேன். அப்புறம் உக்காந்து லெஜெண்டை, அதாவது மேப் ஓரத்துல இருக்கற குறி விளக்கத்தைப் படிச்சா அந்தப் பச்சைக்கு அர்த்தம் "இந்த ரோடு திறந்திருக்கு" அவ்வளவுதான், ஈசியா கஷ்டமான்னு அது சொல்லவே இல்ல.

பச்சைக்கு நாலு அர்த்தம் இருக்கு. யூஎஸ்ஜிஎஸ், அதாவது அமெரிக்க அரசோட புவியியல் ஆய்வுத் துறை போடற டோப்போ மேப்ல (மலை ஏற்ற இறக்கம் காட்டற மேப்) பச்சைன்னா மரம் செடி இருக்கற இடம். நிலம் யாருதுன்னு காட்டற மேப்ல பச்சைன்னா ஃபாரஸ்ட் சர்வீஸ், அதாவது மத்திய அரசு வனத்துறை நிலம். கஷ்டம் காட்டற மேப்ல பச்சை வட்டம்னா ஈசி. சில ஆப்ல பச்சைக் கோடுன்னா வண்டிக்கு அனுமதி இருக்கு. அதனால எந்தக் கலரைப் பார்த்தாலும் மொதல்ல கேக்க வேண்டியது இந்த மேப் எதைப் பத்திப் பேசுதுன்னுதான்: நிலம் யாருது, வண்டி போக அனுமதி இருக்கா, ரோடு எவ்வளவு கஷ்டம், தரை எப்படி இருக்கு. இந்த நாலும் தனித்தனி விஷயம், ஒண்ணுக்குப் பதில் தெரிஞ்சா இன்னொண்ணும் தெரிஞ்ச மாதிரி ஆகாது.

அப்ப வெள்ளையா விட்டிருந்தா ஒண்ணும் இல்லைன்னு அர்த்தமா?

பச்சையை விட இது இன்னும் ஆபத்து. டோப்போ மேப்ல வெள்ளைன்னா மரம் இல்லாத இடம், புல்வெளியா இருக்கலாம் வெறும் பாறையா இருக்கலாம், கொலராடோல சுமார் 11,500 அடிக்கு மேல போனா மரமே வளராது அதனால மலை உச்சி எல்லாம் வெள்ளையாத்தான் இருக்கும். ஆனா நிலம் யாருதுன்னு காட்டற மேப்ல வெள்ளைன்னா தனியார் நிலம், நம்ம ஊர்ல சொல்ற மாதிரி பட்டா நிலம். காலியா இருக்கேன்னு உள்ள போனா நேரா ஒருத்தர் வீட்டு வாசல்ல போய் நிப்பீங்க.

நிலம் காட்டற கலர் எல்லாத்தையும் ஒரு தடவை சொல்லுங்க.

பி.எல்.எம் அதாவது மத்திய அரசோட நில மேலாண்மை அமைப்பு வெளியிடற மேப்ல இருக்கற கலர்தான் இங்க பொது வழக்கம், ஆப்லயும் பெரும்பாலும் இதையேதான் பின்பற்றறாங்க. வெளிர் மஞ்சள் பி.எல்.எம் நிலம். பச்சை ஃபாரஸ்ட் சர்வீஸ். ஊதா நேஷனல் பார்க். வெளிர் நீலம் மாநில அரசு நிலம், நீலமா இருக்கேன்னு ஏரின்னு நெனச்சிடாதீங்க. ஆரஞ்சு பழங்குடி மக்களோட ரிசர்வேஷன் நிலம், அங்க அவங்க அரசாங்கம் அவங்க சட்டம், அனுமதி கேக்காம ரோட்டை விட்டு இறங்கவே கூடாது. வெள்ளை தனியார்.

மஞ்சள் பத்தி ஒரு வார்த்தை. நம்ம ஊர்ல ஸ்கூல்ல டோப்போ ஷீட் படிச்சவங்களுக்கு மஞ்சள்னா விவசாய நிலம்னு மனசுல பதிஞ்சிருக்கும், சர்வே ஆஃப் இந்தியா மேப்ல அப்படித்தான். இங்க மஞ்சள்னா பெரும்பாலும் பாலைவனம், புதர்க்காடு, யாருக்கும் பட்டா போடாம அரசாங்கத்துகிட்டயே தங்கிப்போன நிலம், கிட்டத்தட்ட புறம்போக்கு மாதிரின்னு வெச்சுக்கலாம். இங்க காசு கட்டாம டென்ட் போட பெரும்பாலும் அனுமதி உண்டு, பொதுவா 28 நாள்ல 14 நாள் வரைக்கும், ஆனா யூட்டால இருக்கற மோவாப் மாதிரி கூட்டம் வர்ற ஊரைச் சுத்தி குறிச்ச இடத்துல மட்டும்தான் தங்கலாம்னு தனி விதி இருக்கும், அதை அந்த ஏரியா ஆபீஸ்ல கேட்டுக்கணும்.

யூட்டா மேப்ல மஞ்சளுக்கு நடுவுல சின்னச் சின்ன நீலச் சதுரம் தெறிச்ச மாதிரி இருக்கே, அது என்ன?

எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி இது. இங்க நிலத்தை 6 மைலுக்கு 6 மைல் கட்டம் கட்டமா அளந்தாங்க, அதுக்குப் பேர் டவுன்ஷிப், ஒவ்வொண்ணையும் 36 செக்‌ஷனா பிரிச்சாங்க, ஒரு செக்‌ஷன் ஒரு சதுர மைல், 640 ஏக்கர். 1896ல யூட்டா மாநிலமா ஆனப்போ ஒவ்வொரு டவுன்ஷிப்லயும் 2, 16, 32, 36ன்னு நாலு செக்‌ஷனை மாநிலத்துக்குக் குடுத்தாங்க, அந்த வருமானம் பள்ளிக்கூடத்துக்குப் போகணும்னு. அந்த நாலு சதுரம்தான் நீங்க பார்க்கற நீலம். கொலராடோல 16, 36 ரெண்டும்.

ஜீப் ஓட்டறவங்களுக்கு இதுல என்ன இருக்குன்னா, ஒரே ரோடு மஞ்சள்ல போய் நீலத்துல நுழைஞ்சு திரும்ப மஞ்சளுக்கு வரும், நேர்ல பார்த்தா ஒரு வித்தியாசமும் தெரியாது, அதே செம்மண் அதே புதர், ஆனா விதி மாறியிருக்கும். நீலத்துல டென்ட் போடறதுக்கு முன்னாடி மாநில விதியைத் தனியா பாருங்க.

கொலராடோல சில்வர்டன், யூரே பக்கம் பச்சைக்குள்ள வெள்ளைக் குச்சி குச்சியா இருக்கே?

அது எல்லாம் பழைய சுரங்கப் பட்டா. 1872ம் வருஷ சுரங்கச் சட்டப்படி பாறையில ஓடற தாது நரம்புக்கு ஒருத்தர் அதிகபட்சம் 1,500 அடி நீளம் 600 அடி அகலம் கேக்கலாம், தாது எந்தப் பக்கம் ஓடுச்சோ அந்தப் பக்கமா நீளமா அளந்து வாங்கினாங்க, அதனாலதான் தீக்குச்சியைக் கொட்டின மாதிரி கன்னாபின்னான்னு கிடக்குது. வெள்ளி, தங்கம் எல்லாம் போயாச்சு, பட்டா மட்டும் வாரிசு கைல இருக்கு. ரோடு அதுக்குள்ள போகும், ரோட்டுல போகலாம், ஆனா இறங்கி பழைய மர வீட்டுக்குள்ள போறது, சாமான் எடுக்கறது எல்லாம் வேண்டாம்.

எம்.வி.யூ.எம்னு சொல்றாங்களே, அது என்ன? அது கருப்பு வெள்ளையா இருக்கு, ஒண்ணுமே புரியல.

புரியலைன்னாலும் விட்டுடாதீங்க, ஃபாரஸ்ட் சர்வீஸ் நிலத்துல நீங்க வண்டி ஓட்டறதுக்கு சட்டப்படி செல்லுபடியாகற மேப் அதுதான். 2005ல ஒரு விதி வந்துச்சு, ஒவ்வொரு நேஷனல் ஃபாரஸ்டும் எந்த ரோடு, எந்த டிரெயில், எந்த வண்டிக்கு, எந்த மாசத்துல திறந்திருக்குன்னு முடிவு பண்ணி ஒரு மேப்ல போட்டு இலவசமா குடுக்கணும்னு. அந்த மேப்புக்குத்தான் மோட்டார் வெஹிகிள் யூஸ் மேப்னு பேர்.

பெரும்பாலும் கலர் இருக்காதுங்கறதால எல்லாத்தையும் கோட்டோட வடிவத்துலயே சொல்லியிருப்பாங்க, எல்லா வண்டியும் போற ரோட்டுக்கு ஒரு மாதிரி, லைசென்ஸ் பிளேட் உள்ள வண்டி மட்டும் போற ரோட்டுக்கு ஒரு மாதிரி, 50 இன்ச்சுக்குள்ள அகலம் இருக்கற வண்டிக்கு ஒரு மாதிரி, பைக் மட்டும் போற தடத்துக்கு ஒரு மாதிரி. கோடெல்லாம் பார்க்க ஒண்ணு போலத்தான் இருக்கும், அதனால லெஜெண்டை ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டு பக்கத்துல வெச்சு ஒப்பிட்டுப் பாருங்க. ஒரு ஜீப் ரேங்ளர் அகலம் சுமார் 74 இன்ச், அப்ப 50 இன்ச் டிரெயில்ல நுழைய முடியாது, முயற்சி பண்ணினா மரத்துல உரசும், அதை விட முக்கியமா அது சட்டப்படி தப்பு.

இதுல மூணு விஷயத்தை எல்லாரும் தவற விடறாங்க. ஒண்ணு, மேப்ல ஒரு ரோடு இல்லைன்னா அது மூடின ரோடு. தரையில நல்லா தெளிவா டயர் தடம் தெரிஞ்சாலும் சரி, "மூடப்பட்டது"ன்னு போர்டே இல்லைன்னாலும் சரி. போர்டு விழுந்துடும், யாராவது பிடுங்கிடுவாங்க, அதனால சட்டம் மேப்பைத்தான் பார்க்கும். ரெண்டு, ஓரத்துல ஒரு அட்டவணை இருக்கும், ரோடு நம்பர் போட்டு எந்த தேதியில இருந்து எந்த தேதி வரைக்கும்னு, கோட்டை மட்டும் பார்த்துட்டுக் கிளம்பினா மே மாசத்துல போய் மூடின இரும்பு கேட் முன்னாடி நிக்கணும். மூணு, ரோட்டோரமா வரிசையா சின்னப் புள்ளி இருந்தா அந்த ரோட்டை ஒட்டி வண்டியை இறக்கி டென்ட் போடலாம்னு அர்த்தம், ரோட்டுல இருந்து எத்தனை அடி வரைக்கும்னு அதே மேப்ல எழுதியிருக்கும், 300 அடின்னு நிறைய இடத்துல பார்க்கலாம். நான் முதல் ரெண்டு வருஷம் அந்தப் புள்ளியை பிரிண்டிங் அழுக்குன்னு நெனச்சிருந்தேன்.

ஆனா இந்த மேப்ல பெரும்பாலும் மலை ஏற்ற இறக்கம் இருக்காது, ரோடு எவ்வளவு கரடுமுரடுன்னும் சொல்லாது. அனுமதி இருக்கான்னு கேட்டா மட்டும் பதில் சொல்லும்.

அப்ப கரடுமுரடு எவ்வளவுன்னு எதுல பார்க்கறது?

மோவாப் மாதிரி இடத்துல பனிச்சறுக்கு விளையாடற ஸ்கீ மலைக் குறியையே கடன் வாங்கியிருக்காங்க. பச்சை வட்டம் ஈசி, நீலச் சதுரம் நடுத்தரம், கருப்பு டைமண்ட் கஷ்டம், ரெட்டைக் கருப்பு டைமண்ட் வண்டியும் டிரைவரும் ரெண்டுமே தேர்ந்தவங்களா இருந்தாத்தான். கலர் பிளைண்ட் உள்ளவங்களுக்கு இது நல்ல ஏற்பாடு, கலர் தெரியலைன்னாலும் வடிவம் தெரியும். என் ஃப்ரெண்டு ஒருத்தனுக்கு சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாது, அவன் எப்பவும் வடிவம் போட்ட மேப்தான் தேடுவான்.

மோவாப் ஜீப் கிளப் ஆளுங்க 1ல இருந்து 10 வரைக்கும் நம்பர் குடுக்கறாங்க, 1967ல இருந்து ஈஸ்டர் ஜீப் சஃபாரி நடக்கற ஊர், அவங்க நம்பருக்கு ஒரு அனுபவம் இருக்கு. ஆனா ஒரு ஊரு நீலத்தையும் இன்னொரு ஊரு நீலத்தையும் ஒப்பிடாதீங்க. மோவாப்ல பாறை டயரைப் பிடிச்சுக்கும், பார்க்க செங்குத்தா இருந்தாலும் வண்டி ஏறிடும். கொலராடோல அதே நீலம்னா உதிரிக் கல்லு, சேறு, 12,000 அடில இஞ்சினுக்கும் மூச்சு வாங்கும் நமக்கும் மூச்சு வாங்கும். இன்னொண்ணு, இந்தக் குறி எல்லாம் தரை காஞ்சிருக்கற நாளுக்குப் போட்டது. மழை பெஞ்ச மறுநாள் நீலம் கருப்பா மாறிடும்.

தரையில நம்பர் பலகை பார்க்கறேன், மேப்ல இருக்கற நம்பர்தான், ஆனா சிலது படுக்கையா சிலது நெட்டையா எழுதியிருக்கே?

இதைக் கவனிச்சவருக்கு என் பாராட்டு. ஃபாரஸ்ட் சர்வீஸ் ரோட்டுல நம்பர் படுக்கையா எழுதியிருந்தா சாதா கார் போகற ரோடு. ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா நெட்டுக்கு எழுதியிருந்தா அடிப்பாகம் தரையில இருந்து நல்ல உயரத்துல இருக்கற வண்டிக்குத்தான் அது, பராமரிப்பு குறைவா இருக்கும். வாடகைக்கு எடுத்த சின்னக் காரோட போறவங்க இது ஒண்ணைத் தெரிஞ்சுக்கிட்டாலே பாதி சிக்கல் வராது.

பழுப்புக் கோடு வளைஞ்சு வளைஞ்சு போகுதே, அதை எப்படிப் படிக்கறது?

அதுதான் கான்டூர், சமஉயரக் கோடு. ஒரே கோட்டு மேல நடந்தா ஏறவும் மாட்டீங்க இறங்கவும் மாட்டீங்க. மலைப்பக்க யூஎஸ்ஜிஎஸ் மேப்ல ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் பெரும்பாலும் 40 அடி உயர வித்தியாசம், எவ்வளவுன்னு மேப் அடியில போட்டிருக்கும். அஞ்சாவது கோடு தடிமனா இருக்கும், அதுல உயரம் எழுதியிருக்கும். கோடு நெருங்கினா செங்குத்து, விலகினா சமதளம், ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டா அது பாறைச்சுவர். கோடு வி மாதிரி மடங்கி முனை மேட்டுப் பக்கம் காட்டினா அது பள்ளத்தாக்கு, ஓடை ஓடற இடம், முனை கீழ்ப் பக்கம் காட்டினா முகடு.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 7.5 மினிட் மேப்னு சொல்ற 24,000 ஸ்கேல் மேப்ல ஒரு இன்ச் தரையில 2,000 அடி. உங்க ரோடு அரை இன்ச்சுல அஞ்சு இடைவெளியைத் தாண்டுதுன்னு வெச்சுக்கோங்க, 1,000 அடி தூரத்துல 200 அடி ஏறுது, அதாவது 20 சதவீதம். ஐசன்ஹவர் டனலை விட்டு இறங்கறப்போ லாரி எல்லாம் பிரேக் வாசனை வர வெக்குதே அந்த ஐ70 இறக்கம் 7 சதவீதம்தான். அப்ப 20ன்னா என்னன்னு யோசிச்சுக்கோங்க, லோ ரேஞ்ச், அதாவது 4x4 வண்டியில இருக்கற அந்த மெதுவான கியர் போடாம இறங்கவே கூடாது.

இப்ப நெறைய பேர் ஏமாறற இடம். கான்டூர் எல்லாம் நெருக்கமா இருக்கு, ஆனா ரோடு அந்தக் கோடுகளை வெட்டாம அதுக்கு இணையா போகுது. அப்ப ரோடு சமமாத்தான் இருக்கும், ஏத்தமே இருக்காது, ஆனா மலைச்சரிவைச் செதுக்கி வெச்ச ரோடு அது, ஒரு பக்கம் சுவர் ஒரு பக்கம் பாதாளம், இங்க ஷெல்ஃப் ரோடுன்னு சொல்வாங்க. எவ்வளவு அகலம்னு எந்த மேப்பும் சொல்லாது. எதிர்ல வண்டி வந்தா யாராவது ஒருத்தர் பின்னால போகணும், ஏறி வர்ற வண்டிக்கு வழி விடறது வழக்கம். உயரம்னா பயப்படற ஆளை பக்கத்துல உக்கார வெக்கறதா இருந்தா, மேப்ல ரோடும் நெருக்கமான கான்டூரும் சேர்ந்தே ஓடற இடத்தை முன்னாடியே பார்த்து சொல்லிடுங்க. எங்க அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போனப்போ நான் சொல்லாம விட்டுட்டேன், கொல்லிமலை 70 வளைவையும் சிரிச்சுக்கிட்டே ஏறினவங்க அன்னைக்குக் கண்ணையே திறக்கல.

ரெட்டைப் புள்ளிக் கோடு, ஒத்தப் புள்ளிக் கோடு, என்ன வித்தியாசம்?

பழைய டோப்போ மேப்ல ரெண்டு கோடும் விட்டு விட்டு இணையா போனா செப்பனிடாத ரோடு, வண்டித்தடம்னு வெச்சுக்கலாம். ஒத்தைக் கோடு விட்டு விட்டு போனா நடைபாதை. ஆனா மேப் போட்ட வருஷத்தைப் பாருங்க, மேப்ல 1960கள் தேதி இருந்தா அன்னைக்கு இருந்த தடம்தான் அதுல இருக்கு, இன்னைக்கு அது வெள்ளத்துல அடிச்சுட்டுப் போயிருக்கலாம், மூடியிருக்கலாம், வில்டர்னஸ், அதாவது வண்டியே கூடாத பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதி ஆயிருக்கலாம்.

பழைய டோப்போல ஊதாக் கோடும் இருக்கே, நேஷனல் பார்க்கா?

இல்ல இல்ல. நிலம் காட்டற மேப்லதான் ஊதா பார்க். பழைய யூஎஸ்ஜிஎஸ் மேப்ல ஊதான்னா அப்புறமா விமானப் போட்டோ பார்த்து சேர்த்தது, நேர்ல போய் யாரும் சரிபார்க்கலைன்னு அர்த்தம்.

நீலக் கோட்டுல ஒண்ணு முழுசா இருக்கு, ஒண்ணு விட்டு விட்டு இருக்கு?

முழு நீலம் வருஷம் பூரா தண்ணி ஓடற ஆறு. விட்டு விட்டு வர்ற நீலம் மழை பெஞ்சாலோ பனி உருகினாலோ மட்டும், கொஞ்ச காலம் ஓடறது. யூட்டால இதை வாஷ்னு சொல்வாங்க, வைகை வறண்டு கிடக்கறப்போ பார்த்திருப்பீங்களே அந்த மாதிரி மணல் படுகை, நிறைய டிரெயில் அதுக்குள்ளயேதான் போகும். ஜூலைல இருந்து செப்டம்பர் வரைக்கும் இங்க மான்சூன், மேல 20 மைல் தள்ளி மழை பெஞ்சா உங்க தலைக்கு மேல வெயில் அடிக்கறப்பவே காட்டாறு வந்துடும். விட்டு விட்டுப் போட்ட நீலக் கோடும் ரோடும் ஒண்ணா போகுதுன்னா, அந்தக் கோடு மேப்ல எங்கிருந்து வருதுன்னு விரலை வெச்சு மேல வரைக்கும் தேடிப் போங்க, அந்த ஏரியா பூரா வானிலை பாருங்க, டென்ட்டை அதுக்குள்ள போடவே போடாதீங்க. இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கறேன்.

ரோடு நீலக் கோட்டை வெட்டற இடத்துல பாலம் குறி இல்லைன்னா தண்ணிக்குள்ள இறங்கித்தான் போகணும். கொலராடோல பனி உருகற ஜூன் மாசத்துல காலைல முழங்கால் ஆழம் இருந்த ஓடை சாயங்காலம் தொடை வரைக்கும் ஏறிடும், பகல் பூரா உருகின தண்ணி அப்பதான் வந்து சேரும்.

சுரங்கக் குறி எப்படி இருக்கும்?

பெருக்கல் குறி மாதிரி இருந்தா தோண்டிப் பார்த்த இடம். பாதி கருப்பு பாதி வெள்ளைச் சதுரம்னா நேரா கீழ இறங்கற குழி. ஒய் எழுத்தைப் படுக்கப் போட்ட மாதிரி இருந்தா மலைக்குள்ள போற குகை வாசல். எதுக்குள்ளயும் போகாதீங்க, பசங்களை ஓட விடாதீங்க, மேல போட்ட மரப்பலகை நூறு வருஷமா மக்கிக்கிட்டிருக்கு.

வில்டர்னஸ்னு போட்டிருக்கற இடத்துக்குள்ள ஒரு ரோடு போகுதே, போகலாமா?

1964ம் வருஷ சட்டப்படி வில்டர்னஸ் உள்ள எந்த மோட்டார் வண்டியும் கூடாது, சைக்கிள் கூட கூடாது. ஆனா சில இடத்துல எல்லைக்கோடு ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் ஒட்டி உள்ள போய் திரும்பி வெளிய வரும், செர்ரிப் பழத்தோட காம்பு மாதிரி. அந்தக் காம்புக்குள்ள இருக்கற ரோடு திறந்திருக்கும், ரெண்டு பக்கமும் மூடல். அங்க ஒரு அடி கூட ரோட்டை விட்டு இறங்கக் கூடாது.

நேஷனல் பார்க் ஊதாக்குள்ள ரோடு இருந்தா என் வண்டி போகுமா?

ஷேஃபர் டிரெயில் நல்ல உதாரணம். கேன்யன்லேண்ட்ஸ் பார்க்ல மேட்டுல இருந்து கொண்டை ஊசி வளைவா இறங்கி, கீழ போடாஷ் ரோட்டோட சேர்ந்து பார்க்கை விட்டு வெளிய வந்து மோவாப் போகும். மேப்ல ஒரே கோடு. ஆனா ஊதாக்குள்ள ஏடிவி, சைடு பை சைடு மாதிரி சின்ன ஆஃப்ரோடு வண்டிக்கு அனுமதியே கிடையாது, வெளிய வந்தா உண்டு. அதே பார்க்ல சுமார் 100 மைல் ஒயிட் ரிம் ரோடு இருக்கு, அதுக்கு ஒரு நாள் பயணமா இருந்தாக் கூட பெர்மிட் வேணும். அதனால கோட்டை மட்டும் பார்க்காம அதுக்குப் பின்னால இருக்கற கலர் எங்க மாறுதுன்னு பாருங்க, கலர் மாறற இடத்துல விதியும் மாறும்.

மோவாப் பாறை மேல ரோடே தெரியல, மேப்ல மட்டும் கோடு இருக்கு. எப்படிப் போறது?

வெறும் பாறைங்கறதால தடம் பதியாது. பாறை மேலயே பெயின்ட்ல குறி போட்டிருப்பாங்க, ஹெல்ஸ் ரிவெஞ்ச் டிரெயில்ல தீச்சுடர் மாதிரி, ஃபின்ஸ் அண்ட் திங்ஸ் டிரெயில்ல டைனோசர் மாதிரி. ஒரு குறியில இருந்து அடுத்த குறி தெரியற வரைக்கும் நகராதீங்க. பக்கத்துல கருப்பா மொறுமொறுன்னு இருக்கற மண்ணு உயிருள்ள மண்ணு, நுண்ணுயிர் எல்லாம் சேர்ந்து காத்துல மண்ணு பறக்காம கட்டி வெச்சிருக்கு, ஒரு தடவை டயர் ஏறினா திரும்ப அது வளர பல பத்து வருஷம் ஆகும். இதை மேப்ல எந்தக் கலர்லயும் காட்ட மாட்டாங்கறதாலதான் இங்க சொல்றேன்.

ரோட்டு மேல சின்ன அம்புக்குறி இருக்கே?

ஒருவழி. கொலராடோல டெல்லுரைட் ஊர்ல போய் இறங்கற பிளாக் பேர் பாஸ் (பாஸ்னா மலையைக் கடக்கற கணவாய்) அந்த மாதிரி, உச்சி 12,840 அடி, அந்தப் பக்கம் இறங்க மட்டும்தான், ஏறி வர முடியாது, பயமா இருக்குன்னு பாதியில திரும்பவும் வழி இல்ல. போன் ஸ்கிரீன்ல அம்பு கொசு அளவுதான் தெரியும், ஜூம் பண்ணிப் பாருங்க. மலையும் சுரங்க வீடும் பார்க்கணும்னா மொதல்ல சில்வர்டன், யூரே, லேக் சிட்டி மூணையும் சேக்கற ஆல்பைன் லூப் போங்க, சுமார் 65 மைல், இன்ஜினியர் பாஸும் சின்னமன் பாஸும் அதுலதான் வரும். இமொஜீன் பாஸ் 13,114 அடி, அதை அடுத்த வருஷம் வெச்சுக்கலாம்.

ஜிபிஎஸ்ல நான் ரோட்டுக்குப் பக்கத்துல பள்ளத்துல நிக்கற மாதிரி காட்டுதே?

பழைய பேப்பர் மேப்ல இருந்து எடுத்த அட்சரேகை, தீர்க்கரேகை எண்ணா இருந்தா அது 1927ம் வருஷ அளவீட்டுல இருக்கும், இன்னைக்கு ஜிபிஎஸ் வேற அளவீடு, ரெண்டுக்கும் பல பத்து மீட்டர் தள்ளும். ஷெல்ஃப் ரோட்டுல அது ரோட்டுக்கும் பாதாளத்துக்கும் உள்ள வித்தியாசம், அதனால திரையைப் பார்த்து வண்டியைத் திருப்பாதீங்க, முன்பக்கக் கண்ணாடி வழியா ரோட்டைப் பார்த்துத் திருப்புங்க. காம்பஸ் வெச்சிருந்தா கொலராடோல முள்ளு உண்மையான வடக்கை விட்டு சுமார் 8 டிகிரி கிழக்கா காட்டும், மேப் ஓரத்துல அந்த வருஷக் கணக்கு இருக்கும்.

இந்த மேப்பெல்லாம் எங்க கிடைக்கும்?

எம்.வி.யூ.எம் அந்தந்த ஃபாரஸ்ட் வெப்சைட்ல பிடிஎஃப்பா இலவசம், அவென்சா மாதிரி ஆப்ல இறக்கிக்கிட்டா சிக்னல் இல்லாத இடத்துலயும் நீங்க எங்க இருக்கீங்கன்னு அதே மேப் மேல புள்ளி வெச்சுக் காட்டும். யூஎஸ்ஜிஎஸ் டோப்போவும் இலவசமா டவுன்லோட் பண்ணலாம். கையா, ஆன்எக்ஸ் மாதிரி ஆப்ல நிலக் கலர், டோப்போ ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு போட்டுப் பார்க்கலாம், அது ரொம்ப உதவி, ஆனா வீட்டுல வைஃபை இருக்கறப்பவே அந்த ஏரியாவை ஆஃப்லைனா இறக்கிடுங்க, மலை மேல டவர் இருக்காது. பேப்பர் மேப் ஒண்ணு டேஷ்போர்டுல இருக்கட்டும், வெயில்ல போன் சூடாகி அணைஞ்சு போறது எனக்கு ரெண்டு தடவை நடந்திருக்கு. ரேஞ்சர் ஸ்டேஷன் வழியில இருந்தா இறங்கி பேப்பர்ல ஒண்ணு கேட்டு வாங்குங்க, வாங்கறப்பவே இந்த வாரம் எந்த பாஸ் திறந்திருக்கு, எங்க மரம் விழுந்து கிடக்கு, எங்க இன்னும் பனி இருக்குன்னும் கேட்டுட்டு, அவங்க சொல்றதை அந்த மேப் மேலயே பேனாவால குறிச்சுக்கோங்க.